மதுரையில் தோப்பூர் பக்கம் மனை வாங்குவதா, ஊருக்குள் ஒத்திக்கே இருப்பதா?

ஆனையூர்க்காரன்:
மொத்தமாகப் பணம் கொடுத்து வாடகை இல்லாமல் இருக்கிற வீட்டின் மூன்று வருஷ ஒத்தி சித்திரையோடு முடிகிறது. திரும்பி வரும் பணத்தோடு கொஞ்சம் கடன் வாங்கி, தோப்பூர் பக்கம் மூன்று சென்ட் மனை வாங்கிப் போடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அங்கே எய்ம்ஸ் ஆஸ்பத்திரி வந்தால் விலை எங்கேயோ போய்விடும் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

திருநகர் வாசி:
தாராளமாக வாங்குங்கள் தம்பி. நத்தம் ரோட்டில் 7.3 கிலோமீட்டர் பாலம் 2023 ஏப்ரலில் திறந்தது, ஜூலையில் கலைஞர் நூலகம். அதற்கு முன்னாலேயே ஊமச்சிகுளம் பக்கம் வாங்கிப் போட்ட எங்கள் சொந்தக்காரர்கள் யாரும் வருத்தப்படவில்லை. ஒத்திப் பணத்துக்கு வட்டியும் கிடையாது, எத்தனை வருஷம் ஆனாலும் கொடுத்த பணம்தான் திரும்பி வரும்.

சிம்மக்கல் கணக்கர்:
அண்ணே, கட்டி முடித்த பாலத்தையும் அடிக்கல்லையும் ஒன்றாகப் பேசாதீர்கள். தோப்பூரில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி, கட்டுமானம் தொடங்கியது 2024. நடுவில் ஐந்து வருஷம் ‘எய்ம்ஸ் அருகில்’ என்று போர்டு வைத்தே மனை விற்றார்கள். திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோவைச் சொல்லியும் விற்றார்கள், அந்தத் திட்டத்தை 2025இல் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது.
சொல்கிற விலைக்கு வாங்க ஆள் வர வேண்டுமே! என் மச்சான் அந்தப் பக்கம் வாங்கியதை மகள் கல்யாணத்துக்காக விற்கப் போனார், லேஅவுட் போட்டவரிடமே இன்னும் மனை மிச்சம் கிடந்தது. அவர் தவணை தருகிறார், கார் அனுப்பிக் கூட்டிப்போய்க் காட்டுகிறார், புதிதாக வருகிறவர் மச்சானிடம் ஏன் வாங்கப் போகிறார்? கடைசியில் வாங்கிய விலைக்கே கொடுத்தார். முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக்கு 2 சதவீதம் என்று இன்றைக்குப் பத்திரச் செலவே 9 சதவீதம், அது விலை ஏறினால்தான் திரும்பும்.

திருநகர் வாசி:
அவசரத்துக்கு விற்றால் எதுவும் நஷ்டம்தான். ஒத்தி மட்டும் பத்திரமா? வீட்டுக்காரர் ஏற்கெனவே வீட்டைப் பேங்கில் அடமானம் வைத்திருந்து, கடன் கட்டாமல் ஏலத்துக்கு வந்தால், பேங்க்தான் முதலில் எடுக்கும். லட்சக்கணக்கில் கொடுத்துவிட்டு ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்யாமல் இருக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

சிம்மக்கல் கணக்கர்:
பதிவு செய்யச் சொல்லுங்கள், வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் நானும் உங்கள் கட்சி. அதற்காக யாரும் குடிவராத லேஅவுட்டில் பணத்தை முடக்கச் சொல்லாதீர்கள்.

கூடல்நகர் அக்கா:
இரண்டு பேரும் பணத்தையே பேசுகிறீர்கள், தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர் என்ன பாடு பட்டது என்று நேரில் பார்த்தவள் நான். இந்த ஊரில் கண்மாயும் வாய்க்காலும் இல்லாத பக்கமே இல்லை. தம்பி, டிடிசிபி (நகர் ஊரமைப்புத் துறை) அனுமதி, பட்டா, வில்லங்கம் எல்லாம் சரியாக இருந்தாலும் கிராம வரைபடத்தை வாங்கி, கண்மாய் நிரம்பி வழிகிற மறுகால் எந்தப் பக்கம் போகிறது என்று பார். ஐப்பசி மழையில் ஒரு தடவை போய் நின்று பார், புரோக்கர் இல்லாமல். அப்புறம், போர் போட்டால் எத்தனை அடியில் என்ன தண்ணீர் வருகிறது என்று அங்கே குடியிருக்கிறவர்களிடம் கேள்.

ஆனையூர்க்காரன்:
அக்கா, அந்த லேஅவுட்டில் இன்னும் யாருமே வீடு கட்டவில்லை.

சிம்மக்கல் கணக்கர்:
அப்படியானால் எதற்குத் தம்பி அங்கே? அதே பணத்துக்கு விளாங்குடி, ஆனையூர் பக்கம் பழைய வீடு வருகிறதா என்று முதலில் தேடுங்கள். ஆனையூர் 2011இலிருந்து மாநகராட்சிக்குள் இருக்கிறது. வாங்கிய மாதமே குடிபோகலாம்.

திருநகர் வாசி:
பழைய வீட்டுக்கு மராமத்துச் செலவு யார் கொடுப்பார்? கணக்கில் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.