பக்கத்து பிளாட்டை இடிக்கிறாங்க: ஜன்னலைச் சாத்தினா போதுமா, மெஷின் வாங்கணுமா?

மாம்பலம் மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்துல ரெண்டாவது மாடியில குடியிருக்கோம். எங்களுக்குக் கிழக்கால, நடுவுல எட்டடி சந்து மட்டும் விட்டு, நாப்பது வருஷத்துப் பழைய பிளாட் ஒண்ணு. பங்குனி பொறந்ததும் இடிக்க ஆரம்பிச்சாங்க. காலையில எட்டு மணிக்கு பிரேக்கர் சத்தம் தொடங்கினா சாயங்காலம் ஆறு வரைக்கும் ஓயாது. பச்சை வலை கட்டியிருக்காங்க, மேல்பாதி கிழிஞ்சு தொங்குது.

வீடு பெருக்கி அரை மணி நேரத்துல தரையில கால் வெச்சா நறநறங்குது. நேத்து சாமி விளக்குல திரி தூண்டப் போனேன், எண்ணெய்க்கு மேல பால் ஆடை மாதிரி சாம்பல் நிறத்துல ஒரு படலம். மொட்டைமாடியில போட்ட முதல் ஈடு ஜவ்வரிசி வடாமை அப்படியே குப்பையில கொட்டினேன். அது போகட்டும். பையனுக்கு ஆறு வயசு, ஏற்கெனவே வீசிங் உண்டு. இந்த மாசம் மட்டும் ரெண்டு தடவை நெபுலைசர் வெச்சாச்சு. மாமியாருக்கு 71, ஹார்ட் பேஷன்ட். அவங்களுக்கு ராத்திரி வறட்டு இருமல்.

வீட்டுக்காரர் ‘ஜன்னலைச் சாத்திட்டு ஏசியைப் போடு’ங்கறார். கடையில கேட்டா 14,000 ரூபாய்க்கு ஏர் ப்யூரிஃபையர் காட்டறாங்க. நடுவுல தம்பி ஒரு சின்ன மீட்டர் வாங்கிக் கொடுத்தான். அதுல பிஎம் 2.5 வெறும் 38னு காட்டுது. 60 வரைக்கும் பரவாயில்லையாமே? அப்போ மேஜை மேல விரலால கோலம் போடற அளவுக்குக் கிடக்கே, அது என்ன? மீட்டர் பொய் சொல்லுதா, இல்ல நான்தான் மிகைப்படுத்தறேனா?

சைட்டுல கேட்டா ‘ரெண்டு மாசம்தான் மேடம், அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க’ன்றாங்க.

---

ஓய்வுபெற்ற மேஸ்திரி:

அம்மா, 31 வருஷம் சைட்டிலேயே நின்றவன் நான். இந்தத் தூசியைக் கிளப்பினதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மீட்டர் பொய் சொல்லவில்லை. அது பார்ப்பது பொடிப் பொடித் தூசியை, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்டதை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இடிக்கும்போது கிளம்புவதில் பெரும்பங்கு அதைவிடப் பெரிய துகள். விலை குறைந்த மீட்டர்களுக்கு அது சரியாகப் பிடிபடாது. உங்கள் மேஜையில் கிடப்பது அதுதான். 10 மைக்ரான் அளவுத் துகள் காற்று அசையாத அறையில் சில நிமிடங்களில் கீழே இறங்கிவிடும், பொடி மணிக்கணக்கில் மிதக்கும். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் வரை போய் எரிச்சல் கிளப்புவது பெரிசு. நுரையீரல் அடிவரை போவது பொடி. வீசிங் உள்ள பிள்ளைக்கு ரெண்டும் ஆகாது. நீங்கள் சொன்ன 60 நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2021ல் தன் வரம்பை 15 என்று இறக்கிவிட்டது. ஆகவே 38 என்பது நிம்மதிப்பட வேண்டிய எண் அல்ல.

அடுத்தது காற்று. சித்திரையில் மத்தியானம் கடல்காற்று ஏறிவிடும். சைட் உங்களுக்குக் கிழக்கே இருக்கிறது, அதனால் மதியத்துக்கு மேல் அவ்வளவும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அந்த நேரத்தில் கிழக்கு ஜன்னலைத் திறக்கவே திறக்காதீர்கள். வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால், விடிகாலையில் மேற்குப் பக்கம் திறந்து வீட்டுக்கு மூச்சு விடுங்கள். ஆடி வந்தால் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும். உங்களுக்கு விடிவு, எதிர்ச்சாரிக்காரருக்குத் தலைவலி.

பச்சை வலை செங்கல் துண்டு தெறிப்பதைத் தடுக்கும், தூசியைத் தடுக்காது. தூசிக்கு மருந்து தண்ணீர் ஒன்றுதான். உடைக்கிற இடத்தில் ஹோஸ் பிடித்து, நனைத்த பிறகு பிரேக்கர் வைக்க வேண்டும். கழிவை மாடியிலிருந்து அப்படியே கொட்டாமல் குழாய் கட்டி இறக்க வேண்டும். லாரிக்குத் தார்ப்பாய் போட வேண்டும். இது நான் சொல்கிற நியாயம் மட்டுமல்ல. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பிலேயே தண்ணீர் தெளிப்பது, மணலையும் கழிவையும் மூடி வைப்பது, திறந்தவெளியில் கல் வெட்டக்கூடாது என்பதெல்லாம் இருக்கிறது. தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். முதலில் சூப்பர்வைசரிடம் பேசுங்கள், கூலியாட்களிடம் சண்டை வேண்டாம். மசியவில்லை என்றால் மாநகராட்சி 1913க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பழைய கட்டடத்து மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தார்களா?

---

மாம்பலம் மாடிவீடு:

ஆமாம் சார், தண்ணி டேங்க் பக்கத்துல ஒரு ஷெட் இருந்துச்சு. அந்த ஷீட்டெல்லாம் உடைஞ்சு சந்துல கிடக்குது. ஏன் சார்?

---

ஓய்வுபெற்ற மேஸ்திரி:

அதுதான் பயந்தேன். முழு ஷீட்டாக இருக்கும்வரை தொல்லை குறைவு. உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும், உள்ளே போனால் வெளியே வராது, புற்றுநோய் வரை கொண்டுபோகும். நீங்கள் தொடவும் வேண்டாம், பெருக்கவும் வேண்டாம். நனைத்து, கெட்டியான பிளாஸ்டிக்கில் சுற்றி எடுக்கச் சொல்லுங்கள். இதை முதலில் பேசுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

---

இன்ஹேலர் அப்பா:

சிஸ்டர், எங்க ரோட்டுலயும் வருஷக்கணக்கா தோண்டிட்டிருக்காங்க. என் பையனுக்கும் இதே கதை. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

ஸ்பிளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள இழுக்காது, ரூம்ல இருக்கறதையே சுத்தி விடும். அதுல இருக்கற வலை பெரிய தூசியை மட்டும்தான் பிடிக்கும். ஜன்னல் சாத்தியிருக்கே, அந்த மட்டும் லாபம். வாரம் ஒரு தடவை வலையைக் கழட்டிக் கழுவுங்க.

ப்யூரிஃபையர் வாங்கறதா இருந்தா வீடு முழுக்கன்னு நினைக்காதீங்க, பையன் தூங்கற ரூமுக்கு மட்டும். பெட்டியில சிஏடிஆர்னு ஒரு எண் இருக்கும், மணிக்கு எத்தனை கன மீட்டர் காத்தைச் சுத்தம் பண்ணும்னு சொல்றது, அதைப் பாருங்க. 10க்கு 12 ரூம், ஒன்பதரை அடி உயரம்னா சுமார் 32 கன மீட்டர் காத்து. மணிக்கு அஞ்சு தடவை சுத்தணும்னா 160 வேணும், 200 இருந்தா தாராளம். பொடித் தூசியையும் பிடிக்கற ஹெப்பா ஃபில்டர் இருக்கணும். அயனைசர், ஓசோன்னு சொல்லி விக்கறது வேண்டவே வேண்டாம். ஓசோனே வீசிங்கைக் கிளப்பும். மாத்து ஃபில்டர் விலையை முன்னாடியே கேட்டுக்குங்க, நான் கேக்காம ஏமாந்தேன்.

ஆனா மெஷினுக்கு முன்னாடி துடைப்பத்தை நிறுத்துங்க. பெருக்கினா கீழ கிடக்கறது மறுபடி மூக்குக்கே வரும். ஈரத்துணியால துடைச்சு எடுங்க, வாளித் தண்ணியை அடிக்கடி மாத்துங்க. கதவைச் சாத்திக்கிட்டு கொசுவர்த்தி, ஊதுபத்தி கொளுத்தறது இன்னும் மோசம். எங்க வீட்டுல மீட்டர் எகிறினது சைட்டால இல்ல, அம்மாவோட சாம்பிராணியால!

இன்னொண்ணு. ‘இன்ஹேலர் பழக்கமாயிடும்’னு சொந்தக்காரங்க யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. அந்தப் பேச்சைக் கேட்டு தினசரி பஃப்பை நானே நிறுத்தி, ராத்திரி ரெண்டு மணிக்கு ஆட்டோ தேடினவன். டாக்டர் சொல்லாம ஒரு டோஸ்கூடக் குறைக்காதீங்க. மாமியார் இருமலையும் தூசின்னு விட்டுடாதீங்க, ஹார்ட் டாக்டர்கிட்டயே காட்டிடுங்க.

---

பேச்சிலர் ரூம்:

நான் ஜன்னல்ல ஈரப் போர்வை தொங்கவிட்டேன். தூசி நின்னுச்சு, ஆனா பத்து நாள்ல சுவத்துல கறுப்பா பூஞ்சை வந்துருச்சு. ஹவுஸ் ஓனர் அட்வான்ஸ்ல கழிச்சிட்டார். ஸ்நேக் பிளான்ட்டும் வாங்கிப் பாத்தேன். இலை மேலயும் தூசிதான்.

---

மாம்பலம் மாடிவீடு (மூணு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

நான் தனியாப் போனப்ப ‘தண்ணி லாரி விலை தெரியுமா மேடம்’னார் சூப்பர்வைசர். மறுநாள் எங்க பிளாட்டுப் பொம்பளைங்க ஏழு பேர், போட்டோவோட போனோம். ஷீட் விஷயத்தைச் சொன்னப்பதான் அவர் முகம் மாறிச்சு. அவருக்கே தெரியலையோ என்னவோ. ரெண்டு நாள்ல நனைச்சு, சுத்தி எடுத்துட்டாங்க. ஆனா ஹோஸ் மட்டும் வரலை. 1913ல புகார் பண்ணி, அந்த நம்பரைக் காட்டினதுக்கப்புறம்தான் வந்துச்சு. இப்ப காலையில ஒழுங்கா நனைக்கறாங்க, மத்தியானத்துல ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு.

மெஷின் ஒண்ணு, பையன் ரூமுக்கு மட்டும் வாங்கியாச்சு. இந்த மூணு வாரத்துல நெபுலைசர் தேவைப்படலை. அது மெஷினாலயா, ஹோஸாலயா, டாக்டர் மாத்திக் கொடுத்த பஃப்பாலயான்னு கேட்டா சொல்லத் தெரியாது. மாமியாருக்கு இருமல், பிரஷர் மாத்திரையை மாத்தினதும் குறைஞ்சிடுச்சு. அது தூசியே இல்லையாம்!

மேஸ்திரி சார், ஒரு கேள்வி. அங்க கல் சுமக்கற அக்கா முந்தானையைத்தான் மூக்கைச் சுத்திக் கட்டியிருக்காங்க. மெடிக்கல் ஷாப்ல விக்கற நீல மாஸ்க் வாங்கிக் கொடுத்தா பிரயோஜனம் உண்டா?

---

ஓய்வுபெற்ற மேஸ்திரி:

பக்கவாட்டில் இடைவெளி விடும் அம்மா, அதனால் பலன் குறைவு. என்95 தான் வேண்டும், ஓரம் முகத்தோடு ஒட்ட வேண்டும். வாங்கித் தருவது கட்டுகிறவர் பொறுப்பு, அடுத்த தடவை ஏழு பேரும் போகும்போது அதையும் கேளுங்கள். உங்களுக்கு இது சில மாதம். அவர்களுக்கு இந்த சைட் முடிந்தால் அடுத்த சைட். கான்கிரீட்டிலும் கல்லிலும் இருக்கிற சிலிக்கா வருஷக்கணக்கில் உள்ளே போனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய். வந்துவிட்டால் திருப்ப முடியாது. என்னோடு கிரானைட் வெட்டினவர் இருவர் இன்று மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார்கள். டைல்ஸ், கிரானைட் வேலை வரும்போது தண்ணீர் விட்டு வெட்டுகிறார்களா என்று பாருங்கள். காய்ந்து வெட்டினால் வெள்ளைப் புகை மாதிரி தெரியும்.

---

மாம்பலம் மாடிவீடு:

கேக்கறேன் சார். வடாம் என்னாச்சுன்னு தனிச் செய்தியில ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. இந்த வருஷம் ஆதம்பாக்கத்துல நாத்தனார் வீட்டு மொட்டைமாடியில காயுது. அந்தத் தெருவுல எங்கயும் இடிக்கலைன்னு விசாரிச்சுட்டுத்தான் கொண்டுபோனேன்.