பேரப்பிள்ளையைப் பார்ப்பது யாருடைய உரிமை?

ஆலமரம்:
மகனுக்கும் மருமகளுக்கும் விவாகரத்து ஆனது. பேத்தி அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா மாதாமாதம் பார்க்கலாம் என்று உத்தரவு. மகன் வேறு நாட்டுக்குப் போய்விட்டான். அதோடு எங்கள் வாசலும் அடைந்துபோனது. பிறந்ததிலிருந்து நாங்கள் தூக்கி வளர்த்த பிள்ளை. சண்டை போட்டுக்கொண்டது நாங்கள் இல்லையே! பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 371-4ஆம் பிரிவில், தாத்தா பாட்டியோடு உறவாக இருப்பது குழந்தையின் உரிமை என்று இருக்கிறது. குழந்தையின் நலன் கெடும் என்றால் மட்டுமே தடுக்கலாம். எல்லா நாட்டிலும் இப்படி ஒரு வரி இருக்க வேண்டும்.

நிலாமுற்றம்:
ஐயா, உங்கள் வேதனை புரியுது. ஆனா மறுபக்கத்தையும் கேளுங்க. என் பையன் அப்பா வழித் தாத்தா வீட்டுக்குப் போய் வரும்போதெல்லாம் "நீதான் அப்பாவைத் துரத்திட்டியாம்மா?"ன்னு கேட்பான். அன்னிக்கு ராத்திரி தூங்க மாட்டான். மறுநாள் ஸ்கூலுக்கு அழுதுகிட்டே போவான். இதையெல்லாம் தாங்குறது கூடவே இருக்கிறவதானே? அவ வேண்டாம்னு சொன்னா அதுக்கு மதிப்பு வேணும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000இல் அதைத்தான் சொன்னது.

கரைவேலன்:
அந்த வழக்கை முழுசாகப் பார்க்கணும் சகோதரி. இறந்துபோன மகனின் பெண்பிள்ளைகளைப் பார்க்க வாஷிங்டன் மாநிலத்தில் தாத்தா பாட்டி போட்ட வழக்கு அது. தாய் கதவைச் சாத்தவில்லை; மாதம் ஒருமுறை வாருங்கள் என்றார். அவர்கள் கேட்டது மாதத்தில் இரண்டு வார இறுதி, இரவுத் தங்கலோடு. கோடையில் இரண்டு வாரம். அந்த மாநிலச் சட்டமோ யாரும், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று விரிந்து கிடந்தது. தகுதியுள்ள தாயின் முடிவுக்குத் தனி மதிப்புத் தராமல் கீழ் நீதிமன்றம் அதைப் பயன்படுத்தியது தவறு என்றார்கள் உச்ச நீதிமன்ற நீதிபதிகள். தாத்தா பாட்டிக்கு இடமே இல்லை என்று தீர்ப்புச் சொல்லவில்லை.

உண்மையான கேள்வி, நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான். பிரான்சில் தடுப்பவர் காரணம் காட்டணும். ஜெர்மனியில் சிவில் சட்டத்தின் 1685ஆம் பிரிவுப்படி, சந்திப்பு குழந்தைக்கு நல்லது செய்தால்தான் உரிமை. இங்கிலாந்தில் பெரும்பாலும் மனுப் போடவே முதலில் நீதிமன்ற அனுமதி வேண்டும். இந்தியாவில் 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் குழந்தை நலனைப் பேசுகிறது, தாத்தா பாட்டி சந்திப்புக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. சட்ட ஆணையம் 2015இல் 257ஆவது அறிக்கையில் அதற்கு வழிமுறை எழுதித் தந்தது.

நிலாமுற்றம்:
அப்ப இங்கிலாந்து முறைதான் சரி. ஏற்கெனவே ஒரு வழக்கு நடத்திக் களைச்சுப்போனவ மேல இன்னொரு வழக்கா? வக்கீல் செலவு, லீவு, அலைச்சல் எல்லாம் அந்த வீட்டுக் குழந்தை தலையிலதான் விடியும்.

தேனருவி:
அந்தக் குழந்தையா இருந்தவ பேசுறேன். பாட்டியைப் பார்க்கணுமான்னு என்னைக் கேட்டாங்க. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாங்க. "வேண்டாம்"னு சொன்னேன். எனக்கு அவ்வளவு ஆசை, ஆனா அம்மா முகம் வாடிடுமேன்னு பயம். ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு குழந்தை சொல்வதைக் கேட்கச் சொல்லுது. எங்கே வெச்சு, யார் முன்னால கேட்கிறாங்க என்பதுதான் எல்லாமே. பயிற்சி உள்ள ஒருத்தர் தனியா, ஒரு தடவைக்கு மேல பேசிப் பார்க்கணும். பாட்டி வீட்டிலிருந்து திரும்பி வந்ததும் "அங்க என்ன சொன்னாங்க?"ன்னு அம்மா துருவுறதும் குழந்தைக்குப் பாரம்தான் அக்கா. அங்கே பேசினதைவிட எனக்கு அதுதான் அதிகமா வலிச்சுது.

ஆலமரம்:
இந்தப் பிள்ளை சொல்வது மனசை அறுக்கிறது. மூன்றாம் ஆள் ஒருவர் இருக்கிற இடத்தில், ஒரு மணி நேரம் போதும் எனக்கு. மருமகளைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டேன் என்று எழுதித் தருகிறேன்.

நிலாமுற்றம்:
அப்படி எழுதிக் கொடுத்தா நானே அழைச்சுட்டு வருவேன் ஐயா. ஆனா வாக்கு மீறினா நிறுத்துற அதிகாரம் என் கையில இருக்கணும்.

கரைவேலன்:
அதை ஒரு தரப்பிடம் கொடுக்க முடியாது. மீறினால் நீதிமன்றம் போங்கள், உத்தரவை அவர்கள் மாற்றட்டும்.

நிலாமுற்றம்:
அவங்க தேதி கொடுக்கிற வரைக்கும் என் பையன் ராத்திரி தூங்காம இருக்கணுமா? உத்தரவு மாறும்வரை சந்திப்பை நிறுத்தி வைக்கலாம்னு அந்தக் காகிதத்திலேயே எழுதுங்க. அது இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.