கொடைக்கானல் ஏற்றத்தில் ஆர்15 திணறுகிறது, 310-க்கு மாறிவிடலாமா?

திருநகர்க்காரன்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். மதுரை திருநகர், வயது 24, உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். இரண்டு வருடமாக யமஹா ஆர்15 வி4 ஓட்டுகிறேன், 21,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. அதற்கு முன் அப்பாவின் ஸ்பிளெண்டர். வாரத்தில் ஐந்து நாள் கோரிப்பாளையம் வழியாக இலந்தைக்குளம் ஐடி பார்க், மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு மலை.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போனேன். மாப்பிள்ளை 82 கிலோ. டம்டம் பாறை தாண்டியதிலிருந்தே வண்டி இழுக்கவில்லை. த்ராட்டிலைத் திருகினால் சத்தம் ஏறுகிறதே தவிர வண்டி ஏற மாட்டேன் என்கிறது. முன்னால் போன அரசுப் பேருந்தைப் பெருமாள்மலை வரை முந்த முடியவில்லை. டீக்கடையில் நிறுத்தியபோது கருகிய வாடை வேறு. பிரேக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து தூக்கமில்லை. இதைக் கொடுத்துவிட்டு அப்பாச்சி ஆர்ஆர் 310 அல்லது ஆர்சி 390 எடுக்கலாம் என்று நினைக்கிறேன். அப்பா "இருக்கிற வண்டிக்கு என்ன கேடு?" என்கிறார். மலைக்கு 155 சிசி பத்தாது என்பது சரிதானே? அவரிடம் சொல்ல நாலு காரணம் கொடுங்கள்.

செக்கானூரணி சிங்கம்:

390 எடுங்க ப்ரோ. அப்பா அப்படித்தான் சொல்வார்.

பழைய பட்டறை:

தம்பி, வண்டியை விற்பது அப்புறம் இருக்கட்டும். சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை, கருகிய வாடை. மூன்றையும் நீயே எழுதிவிட்டு சிசி பத்தவில்லை என்கிறாய். இது கிளட்ச் ஸ்லிப். இன்ஜின் சுற்றுகிறது, அந்தச் சுற்று முழுதாகச் சக்கரத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். கடைசியாக எப்போது ஆயில் மாற்றினாய், என்ன ஆயில்? கிளட்ச் லீவரின் நுனியில் கொஞ்சமாவது ஆட்டம் இருக்கிறதா, இல்லை தொட்டவுடனே இறுக்கமாக இருக்கிறதா?

திருநகர்க்காரன்:

லீவரில் ஆட்டம் இருக்கிறது அண்ணே. ஆயில் ஒன்றரை மாதத்துக்கு முன்தான் மாற்றினேன். சித்தப்பா காருக்கு வாங்கியதில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது. நல்ல விலை உயர்ந்த சிந்தெடிக். அதைக் கொடுத்து வீட்டுப் பக்கத்துக் கடையில் ஊற்றச் சொன்னேன். தப்பா?

பழைய பட்டறை:

தப்புதான், ஆனால் நீ முதல் ஆள் இல்லை. மாதம் ஒருவராவது இப்படி வருகிறார்கள்.

காரில் கிளட்ச் தனியாக, உலர்ந்த இடத்தில் இருக்கும். உன் பைக்கில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கின்றன. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்க மருந்து சேர்த்திருப்பார்கள், மைலேஜுக்காக. காருக்கு நல்லது. ஆனால் உராய்வை நம்பித்தான் உன் கிளட்ச் பிடித்துக்கொண்டிருக்கிறது. சும்மா ஆபீஸ் போகும்போது தெரியாது. இரண்டு பேர், ஏற்றம், சூடு எல்லாம் சேரும்போது வழுக்கும். பைக் ஆயில் டப்பாவின் பின்பக்கம் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்கும். அதுதான் முக்கியம், விலை இல்லை. எம்பி என்று இருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு.

சோதித்துப் பார்க்க: ரிங் ரோட்டில் காலியான இடத்தில் ஐந்தாவது கியரில் ஐம்பதில் போய், த்ராட்டிலை முழுதாகத் திருகு. வேகம் அப்படியே இருக்க ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) மட்டும் துள்ளினால் சந்தேகமே வேண்டாம். உடனே ஆயிலை மாற்று. பிளேட் ஏற்கெனவே கருகியிருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நத்தம் ரோடு நாடோடி:

பட்டறை அண்ணன் சொன்னதோடு ஒன்று. மலையில் எந்த கியரில், எத்தனை ஆர்பிஎம்மில் ஏறினீர்கள்? மீட்டரில் விவிஏ என்ற எழுத்து எரிந்ததா?

திருநகர்க்காரன்:

நாலாவதுதான். 5,000 தாண்டினால் இன்ஜின் அலறுகிற மாதிரி இருந்தது, அதனால் மேலே போட்டுவிடுவேன். விவிஏ எரிந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை.

நத்தம் ரோடு நாடோடி:

நினைத்தேன். ஸ்பிளெண்டர் கை இன்னும் போகவில்லை.

ஆர்15-இன் முழு சக்தி, 18.4 பிஎஸ், வருவது 10,000 ஆர்பிஎம்மில். டார்க், அதாவது இழுவை, 14.2 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500-இல். 7,400-ஐத் தொட்டதும் விவிஏ, வால்வைத் தள்ளுகிற வேறொரு கேமுக்கு மாறி, அதை அதிகமாகத் திறக்கிறது. நீங்கள் 5,000-இல் கியர் மாற்றினால் காசு கொடுத்து வாங்கிய இன்ஜினில் பாதியைத் தொடாமலே மலை ஏறுகிறீர்கள். ஹேர்பின்னுக்கு இரண்டாவது, வெளியே வந்து 8,000 வரை இழுத்து மூன்றாவது. அலறல் இல்லை அது, அந்த இன்ஜின் அப்படித்தான் பேசும். ஆனால் முதலில் கிளட்சைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் இந்த வித்தையில் பிளேட் மொத்தமாகப் போய்விடும்.

வைகைக்கரை அக்கா:

நான் ஆர்15 மூன்று வருடம் ஓட்டிவிட்டு 310-க்கு மாறியவள். தம்பி கேட்ட கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கப்பா.

310-இன் லாபம் உச்ச வேகம் இல்லை. டார்க் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. விருதுநகர் ரோட்டில் ஆறாவது கியரிலேயே லாரியை முந்தலாம், ஆர்15-இல் இரண்டு கியர் இறக்க வேண்டும். நஷ்டம், எடை. ஆர்15 142 கிலோ, இது 174. சீட் உயரம் 810 மில்லிமீட்டர்தான், ஆர்15-ஐவிட ஐந்து குறைவு. உங்கள் உயரத்துக்குக் கால் எட்டும். ஆனால் ஆபீஸ் பார்க்கிங்கில் பின்னால் தள்ளி எடுக்கும்போது அந்த 32 கிலோ தெரியும். எனக்கு லிட்டருக்கு முப்பதை ஒட்டிக் கிடைக்கிறது. ஆர்15-இல் 45 கிடைத்தது. இரண்டுக்கும் 11 லிட்டர் டாங்க்தான், அதனால் பெட்ரோல் பங்குக்கு அடிக்கடி போகிறேன்.

390 பக்கம் போவதற்கு முன் ஒரு கணக்கு. அது 373 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. மூன்றாம் நபர் காப்பீடும் அப்படித்தான். 2022 ஜூன் அட்டவணையில் புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு 150 முதல் 350 சிசி வரை 7,365 ரூபாய், அதைத் தாண்டினால் 15,117. வேடிக்கை என்னவென்றால் உங்கள் 155 சிசியும் என் வண்டியின் 312 சிசியும் அதில் ஒரே வரிசை. அதனால் அப்பாவிடம் "இன்சூரன்ஸ் ஏறாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்றாம் நபர் பங்கு ஏறாது, சொந்த சேதத்துக்கான பங்கு வண்டி விலையைப் பொறுத்து ஏறும்.

கூர்ப்பாண்டி:

கோரிப்பாளையத்தை மறந்துவிட்டீர்களே. நான் முன்பு ஒரு பெரிய சிங்கிள் சிலிண்டர் வண்டி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். சித்திரை மாதம், அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள், தமுக்கம் பக்கம் நாற்பது நிமிடம் ஊர்ந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது, வலது தொடை வெந்துவிட்டது. ஜீன்ஸ் இருந்தும். தினமும் ஊருக்குள்ளும் மாதத்தில் ஒரு நாள் மலையிலும் ஓட்டுகிற ஆள் அந்த ஒரு நாளுக்காக வண்டி வாங்குவது எனக்குப் புரியவில்லை. அப்படியும் பெரிது வேண்டுமென்றால் ட்வின் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். நிஞ்சா 300 வெறும் 296 சிசிதான், இரண்டு சிலிண்டர், 17 லிட்டர் டாங்க். அந்த மிருதுத்தனமே வேறு.

செக்கானூரணி சிங்கம்:

தொடை வெந்தாலும் 390 தான் ப்ரோ.

திருநகர்க்காரன்:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ரிங் ரோட்டில் சோதனை செய்தேன். 5,000-இலிருந்து எண் சட்டென்று 8,000-க்குத் துள்ளியது, வேகம் 54. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கார் ஆயிலை வடித்து எம்ஏ2 ஊற்றினோம். கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. அப்புறம் கிளட்ச் மூடியைத் திறந்தார்கள். உராய்வு பிளேட்டுகள் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தன, எஃகுப் பிளேட் இரண்டில் நீலக் கறை. முழு செட் மாற்றினேன்.

நேற்று அதே மாப்பிள்ளை, சிறுமலை, பதினெட்டு ஹேர்பின். இரண்டாவதிலும் மூன்றாவதிலுமே வைத்திருந்தேன். மூன்றாவது வளைவு தாண்டி விவிஏ எரிந்தது, முதல்முறையாகப் பார்த்தேன். பேருந்தை முந்தினேன், பேருந்து சிறியதுதான். மாப்பிள்ளை மேலே போய் இறங்கி, "வண்டி பரவாயில்லடா, இந்தப் பின் சீட்டைத்தான் மாற்றணும்" என்றான்.

310-ஐயும் ஓட்டிப் பார்த்தேன் அக்கா. நான்குவழிச் சாலையில் நீங்கள் சொன்னது உண்மை, கியரைத் தொடவே வேண்டாம். ஆசை போகவில்லை. ஆனால் அப்பாவிடம் சொல்ல இப்போது காரணம் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு வருடம் பார்க்கிறேன்.

பழைய பட்டறை:

நல்லது தம்பி. அந்த மிச்ச கார் ஆயிலை என்ன செய்தாய்?

திருநகர்க்காரன்:

மிச்சமே இல்லை அண்ணே. ஆனால் சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் நல்ல ஆயிலைக் கெடுத்துவிட்டாய் என்று ஒரு லிட்டருக்குக் காசு கேட்கிறார்.