பேஸ் கிட்டார் சத்தத்தோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

ஹட்டன் சவுண்ட்காரன்:
எங்கள் மலையகப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட மண்டபங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி. நீள மண்டபம், சிமெந்துச் சுவர், மேலே தகரம். திருவிழா இரவு ஒரு பேண்டுக்கு மிக்ஸரில், அதாவது எல்லா ஒலியையும் கலந்து கூட்டிக் குறைக்கும் கருவியில், நின்றேன். முன்வரிசையில் இருந்த கோயில் கமிட்டி ஐயா, "தம்பி, பேஸ் பத்தாது" என்று ஆள் அனுப்புகிறார். பின்சுவர் ஓரமாக நின்ற பொடியன்கள் காதைப் பொத்துகிறார்கள். இரண்டு பக்கமும் சொன்னது உண்மைதான். பேஸ் என்றால் தாழ்ந்த ஓசை: பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. அந்த அலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். சுவரில் பட்டுத் திரும்பும்போது ஓரிடத்தில் கூடும், இன்னோரிடத்தில் கரைந்துவிடும். சுவரோரத்திலும் மூலையிலும் எப்போதும் கூடுதலாகத்தான் கேட்கும். எனக்கோ மிக்ஸர் மேசையே பின்சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தது!

அதனால் பாட்டு நடக்கும்போதே மண்டபம் முழுக்க நடந்து கேட்டேன். ஈ கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தின் மூன்றாம் கட்டத்தை) அழுத்தினால், அதாவது 49 ஹெர்ட்ஸில், கூரைத் தகரமே கூடச் சேர்ந்து பாடியது. ஈக்யூவில், அதாவது தாழ்ந்த, உயர்ந்த ஓசைகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் பகுதியில், அந்த இடத்தை மட்டும் ஒடுக்கமாக வெட்டினேன். விரல் தட்டுவது தெளிவாகக் கேட்க 800 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றினேன். பாடகர்களின் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும் பாதிக் குழப்பம் போய்விட்டது, ஏனென்றால் மேடை பேஸ் அந்த வழியாகவும் உள்ளே வந்துகொண்டிருந்தது. பேஸ்காரரின் ஆம்ப் (அவருடைய ஒலிபெருக்கிப் பெட்டி) காலடியில் கிடந்தது, அவருக்குக் கேட்கவில்லை என்று கூட்டிக்கொண்டே போனார். அதைக் கதிரை மேல் ஏற்றி அவர் காதுப் பக்கம் சாய்த்து வைத்ததும் அவரே குறைத்துவிட்டார்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. வெறும் மண்டபத்தில் சரி பார்த்ததை நம்பிவிடாதீர்கள். நம்ம குளிருக்கு எல்லாரும் ஸ்வெட்டரும் கம்பளியுமாக வந்து உட்கார்ந்ததும் மேல் ஓசைகளை அவை விழுங்கிவிடும். பேஸ் மட்டும் குறையாமல் நிற்கும்.

தலவாக்கலை தம்பி:
அண்ணே, எங்களுக்கு மைதானத்தில் வேறு கதை. மேடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சப் வூஃபர், அதாவது பேஸுக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கர் பெட்டி, வைத்திருந்தார்கள். நட்ட நடுவில் நின்றால் நெஞ்சு அதிரும், நாலு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் பேஸையே காணோம். இரண்டு பெட்டியிலிருந்தும் வரும் அலை நடுவில் மட்டும்தானே ஒரே நேரத்தில் சேரும். இரண்டையும் மேடைக்கு முன்னால் நடுவில் ஒன்றாக ஒட்டி வைத்தோம், மைதானம் முழுக்க ஓரளவு சமமாகிவிட்டது. மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைத் தொடவே இல்லை.

பண்டாரவளை பேஸ்காரன்:
நீங்கள் இருவரும் பெட்டியையும் சுவரையும் சொல்கிறீர்கள். என் எதிரி எங்கள் கீபோர்ட் அண்ணனின் இடது கை. பைலா என்ற ஆட்டப் பாட்டு தொடங்கினால் போதும், நான் வாசிக்கிற அதே பேஸை அவரும் கீழே போட்டு அமுக்குவார். மிக்ஸர்காரர் என்னைக் குறைப்பார். ஒருநாள் இடைவேளையில், "அண்ணே, பைலாவுக்கு மட்டும் அந்தக் கையைப் பொக்கெட்டில் வையுங்களேன்" என்று கேட்டேன். முறைத்தார். ஆனால் வைத்தார்.