தம்பிக்கு எலக்ட்ரானிக் கை வாங்கலாமா?

பேரணாம்பட்டுக்காரன்:
வணக்கம். தம்பிக்கு 26 வயது. போன வருடம் டேனரி மெஷினில் வலது கை மாட்டி, முழங்கைக்குக் கீழே கொஞ்சம் விட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு கம்பெனிக்காரர் வேலூரில் ஒரு ஓட்டல் ரூமில் எலக்ட்ரானிக் கையை மாட்டி டெமோ காட்டினார். தம்பி டீ கிளாஸைத் தூக்கியதும் அம்மா அழுதே விட்டார். ஆனால் இழப்பீட்டுப் பணம் மொத்தமும் இதற்கே போய்விடும். இன்னொரு பக்கம், நான் வேலை செய்கிற ஆம்பூர் ஷூ கம்பெனியில் சோலுக்குச் சொல்யூஷன் (ஒட்டும் பசை) அடிக்க ரோபோ கை வரப்போகிறதாம். "எனக்கு மெஷின் கை, மெஷினுக்கு உன் வேலை" என்று தம்பி கிண்டல் செய்கிறான். பழகியவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி_லிம்ப்:
செயற்கைக் கை, கால் செய்யும் வேலையில்தான் இருக்கிறேன். டெமோவில் காட்டியது பொய் இல்லை. மிச்சமிருக்கும் தசை இறுகும்போது வரும் சின்ன மின்சாரத்தைத் தோல்மேல் உட்காரும் எலக்ட்ரோடு பிடித்து மோட்டாரை ஓட்டுகிறது. சிக்கலே அந்தத் தோலில்தான். நம்ம ஊர் மே மாத வியர்வையில், மிச்சக் கையைச் செருகும் கூடான சாக்கெட் வழுக்கும், சிக்னல் குழம்பும், மூடச் சொன்னால் திறக்கும். தினமும் சார்ஜ் வேறு போடணும். "சாதாரணக் கையைவிட பலம்" என்று சொல்லியிருப்பார்களே? விரல் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மூட்டையின் பாரம் வெட்டுப்பட்ட இடத்தில்தான் விழும், அதை அந்தத் தோல் தாங்கணும். தோள்பட்டை வாரில் கேபிள் இழுக்கிற கொக்கியையும் ஒரு மாதம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் எவ்வளவு இறுக்குகிறோம் என்று தோளுக்குத் தெரியும்.

பாகாயம்_அக்கா:
ரிட்டயர்ட் நர்ஸ் நான். அந்தக் கடைசி வரிதான் தம்பி முக்கியம். 1940களின் கடைசியில் டாக்டர் பால் பிராண்ட் நம்ம வேலூரில்தான் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றித் தைத்து அசைய வைத்தார். விரல் அசைந்தது, உணர்ச்சி திரும்பவில்லை, சூடான பாத்திரத்தைப் பிடித்துச் சுட்டுக்கொள்வது நிற்கவில்லை. பின்னால் அமெரிக்காவில் வலியை மெஷினால் உண்டாக்கும் கையுறைகூடச் செய்து பார்த்தார். வேலைக்கு இடைஞ்சல் என்று ஆட்கள் அதை அணைத்துவிட்டார்களாம்! அதனால் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பிடிக்கணும், அடுப்படியில் கவனம். எதற்கும் இங்கே மேரி வர்கீஸ் பெயரில் இருக்கும் மறுவாழ்வு மையத்தில் ஒரு நடை கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள். அந்த டாக்டரே 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ஆபரேஷன் செய்தவர்.

சத்துவாச்சாரி_கோடர்:
என் பயம் வேறே. ஆர்கஸ் 2 என்று ஒரு செயற்கை விழித்திரை, 2013இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். 2019இல் கம்பெனி அதைக் கைவிட்டது, சாதனம் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது, ரிப்பேர் பார்க்க நாதியில்லை. கையைக் கழற்றி வைக்கலாம், அந்த மட்டும் நல்லது. ஆனால் பேட்டரி, சாஃப்ட்வேர், ஸ்பேர் எத்தனை வருடம் கிடைக்கும், வாரன்டி முடிந்தபின் இங்கே யார் கழற்றிப் பார்ப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

வாணியம்பாடி_அப்பர்:
ரோபோ விஷயத்துக்கு வருகிறேன். 15 வருடம் சொல்யூஷன் வாசனையில் தலைவலியோடு வீட்டுக்குப் போனவன், அந்த வேலையை மெஷின் எடுத்தால் எனக்கு வருத்தமில்லை. தையல் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒவ்வொரு தோலும் ஒரு மாதிரி வளையும், நம்ம பெண்களின் விரல்தான் அதற்குத் தோதாக வளையும். சொல்யூஷன் அடிப்பவர்களை எங்கே மாற்றுவார்கள் என்று மெஷின் இறங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள் அண்ணா, இறங்கின பின்னால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

பேரணாம்பட்டுக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் உறைக்கிறது, டெமோ நடந்த ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அங்கே தம்பி அதை மாட்டிக்கொண்டு லுங்கி கட்டிக் காட்டட்டும், அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசலாம்.