ஏக்கின்ஸின் ஓவியத்தை ஃபிலடெல்பியா விடாமல் பிடித்துக்கொண்டது சரியா?

கரிக்கோல்:
ஆர்கன்சா மாநிலம் பென்டன்வில்லில் உள்ள கிரிஸ்டல் பிரிட்ஜஸ் அருங்காட்சியகத்தின் அமெரிக்க ஓவியச் சேகரிப்பை இங்கே பலர் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். படங்கள் நல்ல படங்கள்தான். அவற்றைச் சேர்க்கப் போன வழிதான் எனக்கு உறுத்துகிறது. 2006 நவம்பரில் ஃபிலடெல்பியாவின் ஜெஃபர்சன் பல்கலைக்கழகம், அமெரிக்க ஓவியர் தாமஸ் ஏக்கின்ஸ் 1875-இல் வரைந்த ‘தி கிராஸ் கிளினிக்’ ஓவியத்தை 6.8 கோடி டாலருக்கு விற்கப்போவதாக அறிவித்தது. வாங்க வந்தது வால்மார்ட் குடும்பத்து ஆலிஸ் வால்டனின் கிரிஸ்டல் பிரிட்ஜஸும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் கூட்டாக. அதே விலையைக் கொடுத்தால் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம், ஆனால் 45 நாள்தான் கெடு. ஊரின் இரண்டு கலை நிறுவனங்கள் மக்களிடம் நிதி திரட்டிப் படத்தைத் தக்கவைத்துக்கொண்டன. ஏக்கின்ஸ் பிறந்ததும் இறந்ததும் ஃபிலடெல்பியாவில். படத்தில் நிற்கும் அறுவை மருத்துவர் சாமுவேல் கிராஸ் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர். பழைய மாணவர்கள் 1878-இல் 200 டாலர் கொடுத்து வாங்கித் தந்த படம் அது. பணம் இருக்கிறது என்பதற்காக ஓர் ஊரின் நினைவை விலை பேசலாமா?

பென்டன்வில்வாசி:
அண்ணா, வேலைக்காக இங்கே குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 2011-இல் திறந்த நாள் முதல் இந்த நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. என் பையன் போனதும் ஓடுவது ஏக்கின்ஸ் வரைந்த பேராசிரியர் ராண்டின் படத்துக்குத்தான். ராண்ட் புத்தகத்தில் மூழ்கியிருப்பார், ஒரு கை மட்டும் மேசை மேல் இருக்கும் பூனையைத் தடவிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நுண்ணோக்கி. அந்தப் படத்தையும் 2007-இல் விற்றது அதே ஜெஃபர்சன்தான். அதற்காக ஊர் திரண்டு நிதி சேர்க்கவில்லையே. பெரிய நகரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் நல்ல ஓவியம் என்று யார் எழுதி வைத்தது?

ஏட்டுச்சுவடி:
நானும் பென்டன்வில் பக்கம்தான் பேசுவேன். நூலக வேலையில் இருப்பவள் நான். நியூயார்க் பொது நூலகம் 2005-இல் ஓவியர் டியூராண்ட் வரைந்த ‘கிண்ட்ரெட் ஸ்பிரிட்ஸ்’ படத்தை விற்றபோதும் இதே கூச்சல்தான். மலை முகட்டில் ஓவியர் தாமஸ் கோலும் கவிஞர் பிரையண்ட்டும் நிற்கும் 1849-ஆம் ஆண்டுப் படம். நூலகத்தின் வேலை புத்தகம் வாங்குவது. அதற்குப் பணம் தேவைப்பட்டால் சுவரில் இருப்பதை விற்பதில் தவறில்லை.

கரிக்கோல்:
அம்மா, அது மூடிய உறையில் விலை கேட்ட ஏலம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் சேர்ந்து கேட்டும் வால்டனிடம் தோற்றன. 3.5 கோடி டாலருக்கும் மேல் போனதாகச் செய்தி வந்தது. பிரையண்ட்டின் மகள் அதைக் கொடுத்தது நியூயார்க்குக்கு. கொடுத்தவரின் எண்ணத்துக்கு மதிப்பில்லை என்றால் நாளைக்கு யார் கொடுப்பார்கள்?

அறுவைமேசை:
நான் அறுவை மருத்துவன், படத்தைப் பற்றிப் பேசுகிறேன். கிட்டத்தட்ட 8 அடி உயரம். கிராஸின் நெற்றியில் வெளிச்சம் விழுகிறது, கத்தி பிடித்த விரல்களில் ரத்தம். உதவியாளர்கள் வெளியே போட்டு நடக்கும் கறுப்புக் கோட்டோடு, கையுறை இல்லாமல் குனிந்திருக்கிறார்கள். நோயாளியின் முகம் தெரியாது. அறுத்த தொடையும் காலுறை போட்ட பாதமும்தான் தெரியும். ஒரு பெண் விரல்களை மடக்கி முகத்தை மறைத்துக்கொள்கிறாள். 1889-இல் அதே ஏக்கின்ஸ், அதே ஊரின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காக ‘தி ஆக்னியூ கிளினிக்’ வரைந்தார். அதில் மருத்துவர்கள் வெள்ளை அங்கியில் இருக்கிறார்கள். இடையில் 14 ஆண்டுகள்தான். கிருமி என்ற ஒன்றை மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட கதை அந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டும் ஒரே ஊரில் இருந்தால்தான் ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியும். அதனால் நான் ஃபிலடெல்பியா பக்கம்.

பென்டன்வில்வாசி:
டாக்டர், நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் அந்த ஊர் கொடுத்த விலையையும் சொல்லுங்கள். பென்சில்வேனியா நுண்கலை அகாடமி தன் பங்குக்காக ஏக்கின்ஸின் ‘தி செல்லோ பிளேயர்’ படத்தை விற்றது. வாங்கியவர் பெயரைக்கூட வெளியிடவில்லை. ஃபிலடெல்பியா கலை அருங்காட்சியகம் ‘கவ்பாய் சிங்கிங்’ படத்தையும் ஏக்கின்ஸின் இரண்டு எண்ணெய் வண்ண முன்வரைவுகளையும் விற்றது. ஒரு ஏக்கின்ஸைக் காப்பாற்ற நான்கு ஏக்கின்ஸ் ஊரை விட்டுப் போனது லாபமா? 1876-இல் நடந்த அமெரிக்க விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சியில் இந்தப் படத்தைக் கலைப் பிரிவில் மாட்ட மறுத்து, ராணுவ மருத்துவமனைக் காட்சிக்கு அனுப்பியதும் இதே ஃபிலடெல்பியாவில்தான்.

கரிக்கோல்:
செல்லோ படம் போனது இழப்புதான், அதை மறைக்க மாட்டேன். ஆனால் 1876-இல் தேர்வுக்குழு செய்ததற்கு 2006-இன் மக்கள் பொறுப்பல்ல. 3,000-க்கும் மேற்பட்டவர்கள் தங்கள் கைப்பணத்தைக் கொடுத்தார்கள். ஓர் ஓவியத்துக்காக ஓர் ஊர் அப்படிச் செய்ததென்றால் அதற்கு மதிப்பு உண்டு. இன்றும் அந்த இரண்டு நிறுவனங்களும் படத்தைப் பகிர்ந்து வைத்திருக்கின்றன.

பென்டன்வில்வாசி:
பகிர்வதை நானும் ஏற்கிறேன், அது ஊர் எல்லையோடு ஏன் நிற்க வேண்டும்? நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகம் ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் கொடுத்த சேகரிப்பை 2012 முதல் எங்கள் அருங்காட்சியகத்தோடு பகிர்கிறது. இரண்டு ஆண்டு அங்கே, இரண்டு ஆண்டு இங்கே. ஃபிஸ்க்குக்கு 3 கோடி டாலர் கிடைத்தது, படங்கள் இரண்டு ஊருக்கும் கிடைத்தன. கிராஸ் கிளினிக்குக்கும் அப்படி ஓர் ஏற்பாட்டைக் கேட்டிருக்கலாம்.

அறுவைமேசை:
சின்னப் படங்களுக்குச் சரி, தம்பி. இந்தப் படம் ஏற்கெனவே அடிபட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுத்தம் செய்கிறோம் என்று ஏக்கின்ஸ் பூசிய இருண்ட மேற்பூச்சைத் துடைத்துவிட்டார்கள். பின்னால் நிற்பவர்கள் தேவைக்கு மேல் வெளிச்சமாகி, கிராஸ் மீதிருந்த கவனம் சிதறியது. 2010-இல்தான் பழைய புகைப்படங்களையும், ஏக்கின்ஸே மையில் வரைந்த நகலையும் வைத்து அந்த இருட்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்படிப்பட்ட 8 அடிப் படத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை லாரியில் ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். உங்கள் பையனை ஒருமுறை ஃபிலடெல்பியாவுக்குக் கூட்டி வாருங்கள்.

ஏட்டுச்சுவடி:
விமானச் செலவுக்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, டாக்டர்? நான் கேட்பது அவர்களுக்காகத்தான்.