டீக்கடைக் கூட்டத்தை விடாமல் சிகரெட்டை விட்டது: அனுபவப் பகிர்வு

ஓசூர், சிப்காட்:

சிகரெட்டை விட்டு 14 மாதம் ஆகிறது. 12 வருடப் பழக்கம், நாளுக்கு ஒரு பாக்கெட். விட நினைத்தபோதெல்லாம் என்னைப் பிடித்து இழுத்தது காலை பத்து மணி இடைவேளைதான். வேலையிடத்துக்குள் புகைக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை இருப்பதால் எல்லோரும் வாசலைத் தாண்டி எதிர்ப்பக்க டீக்கடைக்குப் போய்விடுவோம். கடைக் கம்பத்தில் ஒரு தேங்காய் நார்க்கயிறு தொங்கும். அதன் நுனி நாள் முழுக்கக் கனிந்துகொண்டே இருக்கும். அதில் பற்றவைத்துக்கொண்டு நிற்கிற பத்து நிமிடத்தில்தான் யாருக்கு எந்த ஷிப்ட், எந்த மெஷின் மக்கர் செய்கிறது, யார் வீட்டில் வளைகாப்பு என்பதெல்லாம் தெரியவரும். நான் வேலை கற்றதே அங்கேதான். சேர்ந்த புதிதில் டூல் செட்டிங், அதாவது வெட்டும் கருவியை மெஷினில் சரியாகப் பொருத்துவது, பிடிபடாமல் திணறினேன். லேத் (கடைசல் மெஷின்) பிரிவின் மூத்த அண்ணன் ஒருவர் காலி சிகரெட் அட்டையைப் பிரித்து, உட்பக்கத்தில் பேனாவால் படம் போட்டுக் காட்டினார். அந்த அட்டை இன்னும் என் டூல் பெட்டியில் இருக்கிறது. சிகரெட்டை விட்டால் அந்த அண்ணனும் கையை விட்டுப் போய்விடுவார் என்று நிஜமாகவே பயந்தேன்.

முதல் இரண்டு முறை தோற்றேன். இரண்டு முறையும் யாரிடமும் சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்று சாக்குச் சொல்லி உள்ளேயே உட்கார்ந்துகொண்டேன். நான்காம் நாள் ஒரு பையன் வந்து, "என்ன அண்ணா, எங்கள்மேல் கோபமா?" என்றான். கோபமில்லை என்று காட்டுவதற்காகவே போய் ஒன்றைப் பற்றவைத்தேன்.

மூன்றாவது முறை முதலில் அந்த அண்ணனிடமே போனேன். "நீங்கள் நீட்டினால் என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது அண்ணா. நீட்டாதீர்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துக் கால்சட்டைப் பைக்கு மாற்றிக்கொண்டார். இன்றுவரை என் கண்ணில் படும்படி அது வெளியே வந்ததில்லை. அவரே அப்படி இருக்கும்போது மற்றவர்கள் எப்படி வற்புறுத்துவார்கள்?

பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற, புகையிலையை விட உதவும் இலவச எண்ணுக்கும் பேசினேன். தமிழிலேயே பேசினார்கள். முதல் மூன்று நாட்கள்தான் மிகக் கடுமை, ஆசை எழும்பினால் சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்றார்கள். அப்படித்தான் இருந்தது. சிகரெட் ஆசையைத் தணிக்க மெல்லும் 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் வாங்கினேன். அதைச் சாதாரண சூயிங்கம்போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். மெல்வதற்கு முன் 15 நிமிடமும், வாயில் இருக்கும்போதும் எதையும் குடிக்கக் கூடாது. டீக்கடைக்குப் போகிற நமக்கு இதுதான் முக்கியம். நான் இடைவேளைக்குக் கால் மணி நேரம் முன்பே கம்மை முடித்துவிட்டு, கடையில் டீ மட்டும் குடித்தேன்.

39-ஆம் நாள் சறுக்கினேன். இரவு ஷிப்டில் மெஷினின் ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) நின்றுபோய், இரண்டு மணிக்குக் குளிரில் வெளியே வந்து நின்றபோது பக்கத்தில் இருந்தவரிடம் வாங்கி இழுத்துவிட்டேன். தலை சுற்றியது. காலையில் அண்ணனிடம் சொன்னபோது, "ஒன்றுதானே பிடித்தாய்? 38 நாள் எங்கே போய்விட்டது?" என்றார். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அன்று மாலையே பாக்கெட் வாங்கியிருப்பேன்.

கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆலை:

நண்பருக்கு வாய்த்த அண்ணன் எனக்கு வாய்க்கவில்லை. சிகரெட்டை விடுகிறேன் என்று நான் சொன்ன அன்றே, கூட வேலை செய்பவர்கள் "எத்தனை நாளைக்கு, பார்க்கலாம்" என்று பெட்டியைத் திறந்து மூக்கருகே நீட்டினார்கள். அவர்களோடு நின்றுகொண்டே விடுவது என்னால் ஆகவில்லை. அந்த வாசனையே போதும், கை தானாக நீளும். அதனால் ஒரு மாதம் விலகியே இருந்தேன். பதிலுக்கு மதியச் சாப்பாட்டை அவர்களோடு வைத்துக்கொண்டேன். அம்மா கட்டிக்கொடுக்கும் களி உருண்டையையும் கீரைக் கடைசலையும் நடுவில் வைத்தால் யார்தான் வராமல் இருப்பார்கள்! பேச்சு அங்கே நகர்ந்துவிட்டது. கூடவே நிற்பதா, விலகுவதா என்று கேட்டால், முதல் மாதம் விலகுவதே மேல் என்பேன். மற்றவர் விடும் புகையும் நம் நெஞ்சுக்குள்தானே போகிறது.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விட்ட இரண்டாவது வாரம் தூக்கமே இல்லை, படபடப்பு வேறு. சிகரெட் இல்லாததால் என்று நினைத்தேன். காபியும் ஒரு காரணம். புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கி, காஃபீனை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றுகின்றன. புகை நின்றால் அந்த வேகமும் நின்றுவிடும். நான் நாளுக்குக் குடித்துவந்த அதே நான்கு காபி இப்போது உடம்பில் நெடுநேரம் தங்கும். இரண்டாகக் குறைத்தேன், தூக்கம் வந்தது. இது தெரியாமல், "சிகரெட் இல்லாமல் இருக்க முடியவில்லை" என்று திரும்பப் போனவர்கள் எங்கள் ஆலையிலேயே இருவர்.

எனக்கு இப்போது ஏழு மாதம். மே மாதம் சீசன் தொடங்கினால் மாங்காய் லாரிகள் விடிய விடிய வரிசையில் நிற்கும். எடை போடும்வரை டிரைவர்கள் என்னோடுதான் பேசிக்கொண்டு நிற்பார்கள்; போன சீசனில் பாதிச் சிகரெட் அவர்கள் கொடுத்ததுதான். முதல் லாரி வரும் அன்றே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.